ஆஸ்பத்திரி ஃபைலும் ஆர்.சி. புக்கும்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்றொரு சிற்றூர். அங்குள்ள வெதுவெதுப்பான ஊற்றுநீரில் இறங்கிப் பயிற்சி செய்தால் கால்களுக்குத் தெம்பு வரும் என்று கேள்விப்பட்டு, 1924-ல் ஒருவர் வந்து சேர்ந்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 39 வயதில், போலியோ தாக்கி இடுப்புக்குக் கீழே அசைவு போயிருந்தது. கால்களுக்குப் பழைய பலம் திரும்பவில்லை. ஆனால் அந்த ஊரில் அவர் ஒரு பழைய மாடல் டி காரை வாங்கி, உள்ளூர்ப் பட்டறையில் கொடுத்து, பெடல்களைக் கையாலேயே இயக்கும்படி மாற்றிக்கொண்டார். தானே ஓட்டிக்கொண்டு கிராமத்துச் சாலைகளில் சுற்றினார். விவசாயிகளைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி, இறங்காமலே ஊர்க்கதை பேசினார். பின்னாளில் நான்கு முறை அமெரிக்க அதிபர் தேர்தலில் வென்றவர் அவர். அதிபரான பிறகும் கைப்பிடிகளால் ஓட்டும் 1936-ம் ஆண்டு கார் ஒன்றை வைத்திருந்தார். அது இன்றும் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

வசதியான வீட்டுப் பிள்ளையான அவர் எடுத்தது மாடல் டி என்பதுதான் இங்கே முக்கியம். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் வெளிவந்த, சாமானியர்களின் கார் அது. 1920களின் நடுவில் அடிப்படை மாடலின் விலை 300 டாலருக்கும் கீழே இறங்கியிருந்தது. அதில் ஆக்சிலரேட்டர் காலுக்கு இல்லை; ஸ்டீயரிங்குக்குக் கீழே வலதுபக்கம் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், விரலாலேயே தள்ளலாம். காலுக்கு இருந்தவை மூன்று பெடல்கள்தான்: கியருக்கு ஒன்று, ரிவர்ஸுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று. அந்த மூன்றையும் கைக்குக் கொண்டுவந்துவிட்டால் போதும். இரும்படிக்கத் தெரிந்த எந்தப் பட்டறையாலும் முடிகிற வேலை.

விலை குறைந்த கார் என்றால் உள்ளே எளிமையான கார். எளிமையான காரில் கை வைக்கலாம். பெரிய நோயிலிருந்து எழுந்து வந்த ஒருவருக்குக் கை வைக்க ஒரு வேலை இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை, அந்தக் கட்டத்தைக் கடந்தவர்கள்தான் சொல்ல முடியும்.

தமிழ்நாட்டில் வண்டியை மாற்றிக்கொள்ளும் இந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர்களும் போலியோ பாதித்தவர்கள்தான். மொபெட்டுக்கும் ஸ்கூட்டருக்கும் பின்னால் இரண்டு சின்னச் சக்கரங்களை வெல்டு வைத்து ‘சைடு வீல் வண்டி’ ஆக்கிய லேத் பட்டறைகள் இல்லாத ஊர் இங்கே குறைவு. பட்டறைக்காரர் அளவெடுப்பார், ஓட்டுபவர் உட்கார்ந்து காட்டுவார், பிரேக்கை இடப்பக்கமோ வலப்பக்கமோ தோதான இடத்துக்கு மாற்றுவார்கள். வடிவமைப்பு முழுக்க அந்த இருவருக்குள் நடந்த பேச்சில் பிறந்தது. இன்று இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர்கள் அரசுத் திட்டத்திலேயே வழங்கப்படுகின்றன. இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் கடைசிப் பாதிப்பு பதிவானது 2011 ஜனவரியில்; 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்ற சான்றும் கிடைத்துவிட்டது. அந்தத் தலைமுறை தந்த பாடம் மட்டும் பட்டறைகளில் மிச்சமிருக்கிறது: வண்டியை உடம்புக்குத் தக்கபடி மாற்ற வேண்டும்.

இன்று வண்டியில் கை வைப்பவர்கள் வேறு வகை. பைபாஸ் முடித்தவர்கள், கீமோ முடித்தவர்கள், மாற்றுச் சிறுநீரகத்தோடு வீடு திரும்பியவர்கள். வேலையிலிருந்து நீண்ட விடுப்பு, அல்லது வேலையே போய்விட்ட நிலை. வீட்டு ஷெட்டில் தார்ப்பாய் மூடிக் கிடக்கும் பழைய காரைத் திறந்து பார்க்கிறார்கள். அந்தக் கார் பெரும்பாலும் ஒரு மாருதி 800.

அதைத் தேடிப் போவதில் காரணம் இருக்கிறது. 1983 டிசம்பரில் முதல் சாவி கைமாறியது. 2014-ல் உற்பத்தி நின்றது. இடையில் இந்தியாவில் மட்டும் 25 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் விற்றன. 796 சிசி, மூன்று சிலிண்டர், சுமார் 650 கிலோ எடை, 12 அங்குலச் சக்கரம். பானெட்டைத் திறந்தால் எது எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். நல்ல நிலையில் உள்ள பழைய வண்டியே புது ஸ்கூட்டரின் விலைக்குள் கிடைக்கும். சென்னை புதுப்பேட்டையில் கதவுக் கைப்பிடி முதல் கியர் பாக்ஸ் வரை இன்றைக்கும் தேடி எடுக்கலாம். 1980களின் இறுதியில் கோயம்புத்தூரில் இதே இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரையே கட்டினார்கள். ‘ஃபார்முலா மாருதி’ என்ற பெயரில் ஒரு தலைமுறை ஓட்டுநர்கள் அதில்தான் பந்தயம் பழகினார்கள். சாதாரண மெக்கானிக்கின் ஸ்பேனருக்கு வசப்படுகிற வண்டி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மருத்துவக் கணக்கிலும் இந்தப் பொழுதுபோக்குக்கு இடம் உண்டு. மாரடைப்பு வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கடுமையான மனச்சோர்வுக்கு உள்ளாகிறார். புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிறகு வரும் அசதி ஓய்வெடுத்தால் தீருவதில்லை, மாதக்கணக்கில் நீடிக்கும். பெயர்கள் மறக்கும், செய்துகொண்டிருந்த வேலை பாதியில் நழுவும். இவர்களுக்குத் தொழில்முறைச் சிகிச்சையாளர்கள் சொல்லும் வழி ஒன்றுதான்: வேலையைச் சிறு துண்டுகளாக்கு, களைப்பு வரும் முன்பே நிறுத்து, மறுநாள் விட்ட இடத்தில் தொடங்கு. பழைய காருக்கு இந்த வேகம் அப்படியே பொருந்தும். ஒரு நாள் கதவுப் பேடைக் கழற்றலாம். மறுநாள் கண்ணாடி இறக்கும் சுற்றியை மண்ணெண்ணெயில் கழுவலாம். கார்புரேட்டரைக் கழற்றி மேசையில் விரித்த பழைய செய்தித்தாளில் ஒவ்வொரு ஜெட்டாக வரிசைப்படுத்தலாம். முடியாத நாளில் அப்படியே விட்டுவிடலாம், கார் கோபித்துக்கொள்ளாது. நோயாளியாகப் படுத்திருந்தவரிடம் பக்கத்து வீட்டுப் பையன் வந்து, “அண்ணா, இது என்ன பார்ட்?” என்று கேட்கும் நாளில், அவர் விஷயம் தெரிந்த மனிதராகிவிடுகிறார்.

இது வேண்டாத செலவு, தினமும் நடந்தால் போதாதா என்று கேட்கும் குடும்பங்களும் உண்டு. அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்து, உணவு, அடுத்த ரிவ்யூ தேதி எல்லாம் இருக்கும். ஷெட்டில் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று எழுதியிருக்காது. மருத்துவர் வொர்க்‌ஷாப்பைப் பற்றிக் கேட்பதில்லை; மெக்கானிக் ஆபரேஷனைப் பற்றிக் கேட்பதில்லை. இருவருக்கும் நடுவில் நிற்கிற மனிதர், ‘வண்டி வேலைதானே’ என்று இறங்கிவிடுகிறார்.

பைபாஸ் சிகிச்சையில் நெஞ்செலும்பை நடுவில் பிளந்து, கம்பியால் கட்டித்தான் மூடுகிறார்கள். அந்த எலும்பு மறுபடி ஒட்ட ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம், இழுக்க வேண்டாம், தள்ள வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. காரின் பேட்டரி ஒன்றே அந்த அளவைத் தாண்டும். ஸ்டெப்னியைக் கேட்கவே வேண்டாம். இறுகிப்போன வீல் நட்டை ஸ்பேனர் போட்டு இழுக்கும் விசை முழுக்க நெஞ்சில்தான் விழும்.

இதைவிட யாரும் யோசிக்காத ஒன்று ஸ்டீயரிங். மாருதி 800-ல் பவர் ஸ்டீயரிங் கிடையாது. அழகுக்காக முதலில் மாற்றுவது எதை? சின்ன விட்டமுள்ள ஸ்போர்ட்ஸ் ஸ்டீயரிங்கையும் அகலமான டயரையும். ஸ்டீயரிங் வளையம் சிறுத்தால் திருப்ப அதிக பலம் வேண்டும். டயர் அகலமானால் இன்னும் அதிகம். நிறுத்துமிடத்தில் வண்டியை ஒடித்துத் திருப்பும்போது, ஆறாத நெஞ்செலும்பு அந்த இரண்டு மாற்றங்களின் விலையையும் சேர்த்துக் கொடுக்கிறது.

இனி கால். பாக்லிடாக்சல், ஆக்ஸாலிபிளாட்டின், வின்கிறிஸ்டின் போன்ற கீமோ மருந்துகள் கை, கால் நரம்புகளைப் பாதிக்கும். பாதம் மரத்துப்போகும். ஆக்ஸாலிபிளாட்டின் எடுத்தவர்களில் சிலருக்கு மருந்து நின்ற பிறகும் சில மாதங்கள் மரமரப்பு கூடிக்கொண்டே போவதுண்டு. நீண்டநாள் சர்க்கரை நோயாளிகளுக்கும் இதே கதைதான். அந்தப் பாதம் இருப்பது பிரேக்கின் மேலா ஆக்சிலரேட்டரின் மேலா என்று பார்க்காமல் தெரியாத நிலைகூட வரலாம். இந்த நிலையில் கடையில் கிடைக்கும் பளபளப்பான அலுமினியப் பெடல் மூடிகளை வாங்கி மாட்டுகிறார்கள். ஏற்கெனவே இருந்த ரப்பரின் சொரசொரப்பும் போய்விடுகிறது. மழைநாளில் ஈரச் செருப்பு வழுக்கும். கால் உணர்ச்சி குறைந்தவருக்கு அதைவிட ஆபத்தான அலங்காரம் வேறில்லை.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஓடும் இன்ஜினின் இக்னிஷன் காயில், பிளக் வயர் அருகே நெஞ்சைக் கொண்டுபோகக் கூடாது; குறைந்தது ஓரடி தள்ளி நிற்க வேண்டும். ஆர்க் வெல்டிங் அருகே இரண்டடி இடைவெளியும், அதற்கு முன் மருத்துவரின் சம்மதமும் வேண்டும். செயற்கை வால்வுக்காக வார்ஃபரின் எடுப்பவருக்கோ, ஸ்டென்ட் வைத்து இரட்டை மாத்திரை எடுப்பவருக்கோ, தகரத்தின் கூர்முனை கிழித்த சின்னக் காயத்திலும் ரத்தம் எளிதில் நிற்காது. டிங்கரிங் வேலையில் கை கிழியாமல் யாரும் வெளியே வந்ததில்லை.

பெயின்ட் இன்னும் மோசம். இன்று வீட்டு ஷெட்டில்கூட அடிக்கிற இரண்டு டப்பா பி.யு. பெயின்ட்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. தொழில் சார்ந்த ஆஸ்துமாவுக்கு உலகெங்கும் முன்னணிக் காரணங்களில் ஒன்று அது. முகத்தில் கட்டும் துணியும் சாதாரண மாஸ்க்கும் அதைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் கொடுக்கும் முகமூடி வேண்டும். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். காசநோய் குணமான பிறகும் நுரையீரலில் தழும்பு நிற்பவர்கள் பலர். அவர்கள் ஸ்பிரே கன்னைத் தொடாமல் பெயின்டரிடம் விட்டுவிடுவதே சரி. பிரேக் டிரம்மைக் கழற்றிக் காற்றடித்துத் தூசியை ஊதும் பழக்கமும் நிற்க வேண்டும். பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு; ஈரத்துணியால் துடைத்து எடுப்பதே முறை.

சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்கள் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரையை வாழ்நாள் முழுக்க எடுக்கிறார்கள். மழைநீர் இறங்கி, கார்ப்பெட்டுக்கு அடியில் பூஞ்சை பிடித்துக் கிடக்கும் வண்டியைக் கிளறுவது மற்றவர்களுக்குத் தும்மலோடு போகும். இவர்களுக்கு அது நுரையீரல் தொற்றாக முடியலாம். கார்ப்பெட்டை வேறு யாராவது பிய்த்து எறிந்து, வண்டியை நாலு நாள் வெயிலில் காய வைத்த பிறகு இவர்கள் உள்ளே உட்காரலாம்.

பட்டியல் நீள்கிறது என்பதற்காக இந்த ஆசையையே விட வேண்டியதில்லை. எதை முதலில் மாற்றுவது என்ற வரிசையைத் திருப்பிப் போட்டால் போதும்.

இதற்கும் அமெரிக்காவில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1959-ல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற இருவரில் ஒருவர் டெக்சாஸ்காரர். அடுத்த ஆண்டு நெஞ்சுவலி முற்றி, நாக்கின் அடியில் நைட்ரோகிளிசரின் மாத்திரை வைத்துக்கொண்டு ஓட்டும் நிலை வந்தது. பந்தயத்தை விட்டார், கார்களை மாற்றிக் கட்டும் வேலையில் இறங்கினார். 1964-ல் 2,368 டாலருக்கு வெளிவந்த, நடுத்தரக் குடும்பங்களின் மஸ்டாங் காரை எடுத்து, 1965-ல் அதைப் பந்தயக் களத்துக்குத் தயாராக்கினார். இன்ஜினின் பலத்தை மட்டும் கூட்டிவிட்டு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போட்டார், சஸ்பென்ஷனின் கோணத்தை மாற்றினார், பின் சீட்டைக் கழற்றி எடையைக் குறைத்தார். 1990-ல் இதய மாற்று, 1996-ல் சிறுநீரக மாற்று. அதன் பிறகும் கார்களோடு வாழ்ந்து, 2012-ல் 89 வயதில் காலமானார்.

நம்மூர் ஷெட்டிலும் பிரேக்தான் முதலில் வர வேண்டும். பூஸ்டர் இல்லாத பழைய வண்டி என்றால், அனுபவமுள்ள மெக்கானிக்கை வைத்துப் பூஸ்டர் போட வாய்ப்பிருக்கிறதா என்று பார்க்கலாம். பலம் குறைந்த காலுக்கு அது பெரிய உதவி. ஹோஸ்களைப் புதிதாக்க வேண்டும், பெடலுக்கு நல்ல சொரசொரப்பான ரப்பர் வேண்டும். அடுத்தது சீட். தாழ்வான சீட்டிலிருந்து எழுவதற்கு சிகிச்சை முடித்தவர்கள் படும் பாடு சொல்லி மாளாது. கெட்டியான ஃபோம் வைத்து இரண்டு அங்குலம் உயர்த்தி, இடுப்புக்குத் தாங்கல் கொடுத்தால் வண்டியே வேறாகிவிடும்.

சீட் பெல்ட்டையும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் ஓட்டுநரின் பெல்ட் வலத்தோளின் மேல் வருகிறது. கீமோவுக்காகத் தோலுக்கடியில் வைக்கும் போர்ட் பெரும்பாலும் வலது நெஞ்சில் இருக்கும். பெல்ட் அதன்மேலேயே உரசும். பேஸ்மேக்கர் பெரும்பாலும் இடது நெஞ்சில் என்பதால், பக்கத்து சீட்டில் உட்காரும்போது அதே தொல்லை. பெல்ட்டில் மெத்தென்ற உறை போட்டால் தீர்ந்தது. தொல்லை தாங்காமல் பெல்ட்டையே போடாமல் விடுவது பெருங்கேடு. ஏர்பேக் இல்லாத இந்தப் பழைய வண்டியில் உயிர் காக்க இருப்பது அந்த ஒரு பட்டைதான்.

வயரிங் அடுத்தது. ஹெட்லைட்டுக்கு உரியது 60/55 வாட் பல்பு. வெளிச்சம் போதவில்லை என்று 100/90 வாட் பல்பை மாட்டினால், இரண்டு பல்புக்கும் சேர்த்து 16 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் ஓடும். முப்பது வருடத்துப் பழைய வயர் அதைத் தாங்காது, உருகும். பழைய காரில் தீப்பிடித்தால் சட்டென்று கதவைத் திறந்து குதிக்க வேண்டும். நோயிலிருந்து இப்போதுதான் எழுந்தவரால் அந்த வேகத்தில் இறங்க முடியுமா? சரியான வாட் பல்பு, ரிலே, நல்ல எர்த்து போதும். அலாய் வீல் ஆசை இருந்தால், டயரோடு சேர்ந்த மொத்த விட்டம் பழைய அளவிலிருந்து மூன்று சதவீதத்துக்கு மேல் மாறாமல் பார்த்துக்கொள்ளலாம்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும். 15 வருடம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்தது. அதே சட்டம், உடல் குறைபாடு உள்ளவருக்காக மாற்றிய வண்டிக்கு ‘தகவமைத்த வாகனம்’ என்று தனி இடம் தருகிறது. பக்கவாதத்தால் வலது கால் பலமிழந்தவர், முறையாக விண்ணப்பித்துக் கைப்பிடிக் கட்டுப்பாட்டைப் பொருத்திக்கொள்ளலாம். சைலன்சரை வெட்டிச் சத்தம் கூட்டுவதற்கு அந்த இடம் இல்லை, இருக்கவும் கூடாது.

லைசென்ஸ் எடுக்கும்போது படிவம் 1-ல் ஒரு கேள்வி உண்டு: வலிப்போ, திடீரென நினைவு தப்புவதோ, தலைச்சுற்றலோ இருக்கிறதா? ‘இல்லை’ என்று இருபது வயதில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்போம். ஐம்பது வயதில் பக்கவாதமோ மூளைக் கட்டி ஆபரேஷனோ வந்தால் அந்தக் கேள்வியை யாரும் வீட்டுக்கு வந்து மறுபடி கேட்பதில்லை. புதுப்பிக்கும் தேதி வரும்வரை அட்டை பையில் செல்லுபடியாகவே இருக்கிறது. பக்கவாதத்துக்குப் பிறகு பார்வையின் ஒரு பக்கம் மறைந்துபோனதே தெரியாமல் இருப்பவர்கள் உண்டு. நோய்க்குப் பின் வண்டி ஓட்டும் தகுதியை மறுபடி சோதிக்க ஒவ்வொரு பெரிய மருத்துவமனையிலும் ஏற்பாடு வர வேண்டும்.

அது வரும்வரை பொறுப்பு நம்முடையதுதான். வீட்டில் யாராவது இப்படி ஒரு காரைத் திறந்து வைத்திருந்தால், அடுத்த ரிவ்யூவின்போது மருத்துவரிடம் கேளுங்கள்: எவ்வளவு எடை தூக்கலாம், எந்தப் புகையும் தூசியும் ஆகாது, எப்போது ஓட்டலாம். வாங்கிய பதிலைத் தாளில் எழுதி மெக்கானிக்கின் கையில் கொடுங்கள். என்ன ஆபரேஷன், என்ன மாத்திரை என்று அவருக்கும் தெரியட்டும். கனமான வேலையை அவர் எடுத்துக்கொள்வார். கார்புரேட்டரை உங்களிடம் விட்டுவிடுவார்.